ஜேன் லோவிஞ்சரும் ஈகோ வளர்ச்சிச் சோதனையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உளவியல் முதுகலை படிப்பவர்களும் ஆலோசகர் வேலையில் இருப்பவர்களும் ஆராய்ச்சிக்கு வரலாமா என்று யோசிப்பவர்களும் உளவியலாளர் ஜேன் லோவிஞ்சரைப் பற்றி என்னிடம் கேட்பது பெரும்பாலும் இந்தச் சந்தேகங்களைத்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

யாருங்க இந்த லோவிஞ்சர்? எங்க புத்தகத்துல ஒரு பத்திக்கு மேல இல்லையே.

1918இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், செயின்ட் பால் நகரில் பிறந்தவர். 2008இல் காலமானார். தன் ஆராய்ச்சி வாழ்க்கையின் பெரும்பகுதியை செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கழித்தார் (தலைநகரம் வாஷிங்டனில் இருப்பதல்ல, இது மிசௌரி மாநிலத்தில் இருப்பது). இரண்டு காரியங்கள் செய்தார். ஒரு உளவியல் சோதனையை எப்படி உருவாக்க வேண்டும், அது எதை அளக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதற்கான தர்க்கத்தை வகுத்தது ஒன்று. மனிதர்கள் தங்களையும் உலகத்தையும் புரிந்துகொள்ளும் விதம் எப்படிப் படிப்படியாக முதிர்கிறது என்பதை அளக்க ஒரு சோதனை செய்து, அதிலிருந்தே ஒரு கொள்கையை வளர்த்தது இன்னொன்று.

ஒரு பத்தியோடு நிற்பதற்குக் காரணமும் இதுதான் என்று நினைக்கிறேன். அளவீட்டுப் புத்தகத்தில் அவருடைய 1957 கட்டுரை வரும், ஆளுமைப் புத்தகத்தில் அவருடைய நிலைகள் வரும், இரண்டையும் படிக்கிற மாணவருக்கு இது ஒரே ஆள் என்றே தெரியாது. அவரைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே வேலை. கீழே வரும் பதில்கள் எல்லாமே ஏதோ ஒரு வகையில் இதைத்தான் சொல்லப் போகின்றன.

ஈகோ வளர்ச்சின்னா திமிர் கூடுறதா? அதை எதுக்கு அளக்கணும்?

நம் பேச்சில் 'அவருக்கு ஈகோ' என்றால் திமிர். இங்கே அந்தப் பொருள் கிடையாது. பிராய்டு சொன்ன ஈகோவோடும் இதை அப்படியே பொருத்தக் கூடாது. ஒருவர் தன் அனுபவங்களுக்கு அர்த்தம் கொடுக்கிற சட்டகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்: ஆசையை எப்படி அடக்குகிறார், மற்றவர்களோடு எப்படி உறவு வைக்கிறார், எதைப் பற்றிக் கவலைப்படுகிறார், எவ்வளவு நுட்பமாக யோசிக்கிறார், இந்த நான்கும் பின்னிக் கிடக்கிற ஒன்று. இவற்றைத் தனித்தனியாகப் பிரிக்க முடியாது, சேர்ந்தேதான் வளர்கின்றன என்பது லோவிஞ்சரின் வாதம். மனிதருக்கு மனிதர் உள்ள வித்தியாசத்தை விளக்குவதில் அறிவுத்திறனுக்கு அடுத்த இடம் இதற்கு என்று 1966இல் எழுதிய கட்டுரையிலேயே சொல்லிவிட்டார்.

நிலைகள் எத்தனை? ஒவ்வொரு புத்தகத்துலயும் ஒவ்வொரு எண்ணிக்கை இருக்கே.

சரி, வரிசையாக. பேச்சு வருவதற்கு முந்தைய குழந்தைப் பருவ நிலை ஒன்று உண்டு, அதை எழுத்துச் சோதனையால் அளக்க முடியாது. அதற்குப் பிறகு உந்துதல் நிலை (வேண்டும் என்றால் உடனே வேண்டும்), தற்காப்பு நிலை (மாட்டிக்கொள்ளாமல் இருந்தால் தப்பில்லை), ஒத்துப்போகும் நிலை (நாலு பேர் என்ன சொல்வார்கள்), தன்னை உணரும் நிலை (எல்லாரும் சொல்வது எனக்கு எப்போதும் பொருந்தவில்லையே), பொறுப்புணர்வு நிலை (என் அளவுகோலை நானே வைக்கிறேன்), தனித்துவ நிலை, தன்னாட்சி நிலை, கடைசியாக ஒருங்கிணைந்த நிலை. கடைசி நிலைக்கு வருகிறவர்கள் மிக அரிது என்பதால் பல ஆய்வுகள் அதை முந்தையதோடு சேர்த்துவிடும்.

எண்ணிக்கை மாறுவதற்குக் காரணம் சுவாரசியமானது. 'தன்னை உணரும் நிலை' ஆரம்பத்தில் ஒரு நிலையாகவே இல்லை, ஒத்துப்போகும் நிலைக்கும் பொறுப்புணர்வு நிலைக்கும் நடுவே ஒரு இடைக்கட்டமாக மட்டும் இருந்தது. பதில்கள் குவியக் குவிய, அமெரிக்கப் பெரியவர்களில் அதிகம் பேர் நிற்கிற இடமே அதுதான் என்று தெரிந்தது. அத்தனை பேர் தங்கியிருக்கிற இடத்தை வெறும் இடைக்கட்டம் என்று சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? தனி நிலையாக்கினார்கள். பழைய புத்தகம், புதிய புத்தகம் இரண்டிலும் எண்கள் வேறுபடுவதற்கு இதுதான் பின்னணி.

எனக்கு கணக்கு வராது. அளவீட்டு ஆராய்ச்சிக்கு வரலாமா?

மினசோட்டா பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது லோவிஞ்சர் தொழில் வழிகாட்டல் ஆலோசனைக்குப் போனார். உளவியல் உனக்குச் சரிவராது, அதில் கணிதம் அதிகம் என்று சொன்னார்கள். அவர் போய் உளவியலையே முதன்மைப் பாடமாக எடுத்தார், கூடவே முக்கோணவியல் வகுப்பிலும் சேர்ந்தார். 1937இல் இளங்கலை, அடுத்த ஆண்டே உளவியல் அளவீட்டில் முதுகலை. அப்புறம் அவர் எழுதியவை எல்லாம் அந்தத் துறையின் கணித அடிப்படைகளையே கேள்வி கேட்டவை.

எனவே என் பதில்: இப்போது வராவிட்டால் பரவாயில்லை, ஆனால் கற்றுக்கொள்ளாமல் இருக்க முடியாது. புள்ளியியல், ஒட்டுறவு (இரண்டு அளவுகள் எவ்வளவு தூரம் சேர்ந்து மாறுகின்றன என்பது), காரணிப் பகுப்பாய்வு, வினா மறுமொழிக் கோட்பாடு, இவற்றை மென்பொருள் செய்துகொடுக்கும் என்று விட்டுவிடுகிறவர்கள் மென்பொருள் கொடுக்கிற எண்ணை நம்புவதைத் தவிர வேறு வழியில்லாத இடத்துக்கு வந்துவிடுகிறார்கள். அந்த எண் என்ன சொல்கிறது என்று கேட்கத் தெரிய வேண்டும். அதற்குத் தேவைப்படுவது வேகமாகக் கணக்குப் போடும் திறமையைவிடப் பொறுமை.

எரிக்சன்கிட்ட வேலை பார்த்தாராமே? அப்ப இதுவும் எரிக்சனோட 8 நிலைகள் மாதிரிதானே?

பார்த்தார். முனைவர் பட்டத்துக்காகக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்குப் போனபோது எரிக் எரிக்சனுக்கு (வாழ்நாளை 8 வளர்ச்சி நிலைகளாகப் பிரித்த உளப்பகுப்பாய்வாளர்) ஆராய்ச்சி உதவியாளராக இருந்தார். அது அவருக்கு ஒரு பெரிய திருப்பம். மினசோட்டாவில் எண்களைத் தவிர எதையும் நம்பாத சூழல், பெர்க்லியில் உளப்பகுப்பாய்வின் செல்வாக்கு அதிகம். ஒரு பக்கத்தில் அளவு இருந்தது, இன்னொரு பக்கத்தில் ஆழம் இருந்தது. எதையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காமல் இரண்டையும் எடுத்துக்கொண்டார்.

ஆனால் நிலைகள் வேறு. எரிக்சனுடையவை வயதோடு கட்டப்பட்டவை. முந்தைய சிக்கலைத் தீர்த்தாலும் தீர்க்காவிட்டாலும் வயதானால் அடுத்தது வந்து நிற்கும். லோவிஞ்சரிடம் வயது நிலையைத் தீர்மானிப்பதில்லை. 50 வயதுக்காரர் தற்காப்பு நிலையில் இருக்கலாம், 20 வயதுக்காரர் பொறுப்புணர்வு நிலையில் இருக்கலாம். அதனால்தான் இதை வளர்ச்சி வரிசை என்றும் சொல்லலாம், ஒரே வயதுக்காரர்களுக்குள் இருக்கும் ஆளுமை வேறுபாடு என்றும் சொல்லலாம்.

நம்பகத்தன்மை எண் 0.95 வந்தா நல்ல சோதனைதானே? எங்க கைடு அப்படித்தான் சொல்றாங்க.

இங்கே நம்பகத்தன்மை எண் என்பது வினாக்கள் ஒன்றோடொன்று எவ்வளவு சீராக ஒத்துப்போகின்றன என்பதன் அளவு, உச்சம் 1. இதை லோவிஞ்சர் 1954இல் ஒரு கட்டுரையில் எடுத்துப் பிரித்துக் காட்டினார். ஒரு சோதனையில் 50 வினாக்கள், எல்லாம் ஒரே கடினம், ஒன்றோடொன்று முழுமையாக ஒத்துப்போகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன ஆகும்? ஒன்றைச் சரியாகச் செய்தவர் 50ஐயும் சரியாகச் செய்வார், ஒன்றைத் தவறவிட்டவர் 50ஐயும் தவறவிடுவார். மதிப்பெண் 50 அல்லது 0. நம்பகத்தன்மை உச்சத்தில் இருக்கும், ஆனால் 50 வினாக்கள் கேட்டும் ஒரே ஒரு வினா தரும் தகவல்தான் கிடைத்திருக்கும். அதாவது உள்ளிசைவு (வினாக்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவது) ஓர் அளவுக்கு மேல் போனால் ஏற்புடைமை (அளக்க நினைத்ததையே சோதனை அளக்கிறதா என்பது) குறையத் தொடங்கும்.

இதற்கு முன்பே, 1947இல் வெளிவந்த ஆய்வில், வினாக்கள் ஒரே விஷயத்தைக் கடினத்தின் வரிசையில் அளக்கின்றனவா என்று பார்க்க ஒரு குறியீட்டெண் கொடுத்திருந்தார். கடினமானதைச் செய்தவர் எளிதானதையும் செய்திருக்க வேண்டும், அந்த ஒழுங்கு எவ்வளவு தூரம் நிற்கிறது என்பதே அதன் கேள்வி. மோக்கன் அளவுகோல் (வினாக்களைக் கடினத்தின் வரிசையில் அடுக்கும் ஒரு முறை) பயன்படுத்துகிறவர்கள் இன்றும் கணக்கிடுகிற அந்த 'எச்' இவருடையதுதான். கைடிடம் சண்டை போட வேண்டாம், ஆனால் 0.95 வந்தால் ஒரே கேள்வியையே வேறு வேறு வார்த்தையில் கேட்டிருக்கிறோமா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

1957 கட்டுரை 1957 கட்டுரைன்னு எல்லாரும் சொல்றாங்களே, அதுல அப்படி என்ன இருக்கு?

1955இல் கிரான்பாக், மீல் என்ற உளவியலாளர்கள் இருவரும் கருத்துரு ஏற்புடைமை (நேரில் பார்க்க முடியாத ஒரு பண்பைச் சோதனை உண்மையிலேயே அளக்கிறதா என்பது) என்பதை மற்ற வகை ஏற்புடைமைகளோடு ஒன்றாக அறிமுகப்படுத்தினார்கள். இரண்டே ஆண்டில் லோவிஞ்சர் ஒரு படி மேலே போனார். அறிவியல் நோக்கில் பார்த்தால் அதுதான் மொத்த ஏற்புடைமையுமே, மற்றவை எல்லாம் அதற்கான சான்றுகள் என்றார். பின்னாளில் அளவீட்டு அறிஞர் மெஸ்ஸிக் எழுதியதும் இன்று ஏற்புடைமை ஒன்றே என்று பேசுவதும் இந்த வழியில் வந்தவைதான்.

அதில் மூன்று படிகள் சொல்கிறார். முதலில் உள்ளடக்கம்: உங்கள் கொள்கைக்குப் பொருந்துகிற வினாக்களை மட்டும் எழுதினால் உங்கள் கொள்கை தப்பு என்று தெரியவே வாய்ப்பில்லை, அதனால் எதிர்க் கொள்கைக்காரர் சேர்க்கக்கூடியவற்றையும் சேர்த்து அகலமாக எழுதுங்கள். இரண்டாவது கட்டமைப்பு: மதிப்பெண் போடும் முறை, அந்தப் பண்பு வாழ்க்கையில் எப்படி வெளிப்படுகிறதோ அதே வடிவத்தில் இருக்க வேண்டும். மூன்றாவது வெளித் தொடர்பு: வேறு எதனோடு ஒத்துப்போகிறது, எதனோடு ஒத்துப்போகவில்லை. நம் ஊர் ஆய்வேடுகளில் மூன்றாவதை எல்லாரும் செய்கிறார்கள், முதலாவதை ஓரளவு செய்கிறார்கள், இரண்டாவதை யாரும் தொடுவதே இல்லை. எனக்கு மிகவும் வருத்தமான விஷயம் இது.

நிரந்தர வேலை இல்லாம எப்படி இவ்வளவு செஞ்சார்?

கணவர் சாமுவேல் வைஸ்மன் வேதியியலாளர், அமெரிக்காவின் அணுகுண்டுத் திட்டமான மன்ஹாட்டன் திட்டத்தில் வேலை செய்தவர். போர் முடிந்ததும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பணி கிடைத்துக் குடும்பம் செயின்ட் லூயிஸுக்கு வந்தது. லோவிஞ்சருக்கு முனைவர் பட்டமும் வெளியீடுகளும் இருந்தன, இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள், பேராசிரியர் பதவி மட்டும் கிடைக்கவில்லை. பகுதி நேர வேலைகள், பிறகு நீண்ட காலம் நல்கைப் பணத்தில் ஓடிய ஆராய்ச்சி. பேராசிரியர் பதவியெல்லாம் மிகவும் பிந்தி வந்தது.

அந்தக் காலத்தில் உளவியல் ஆராய்ச்சியில் பெரும்பாலும் ஆண்களைத்தான் அளந்துகொண்டிருந்தார்கள். இவர் தாய்மார்களை எடுத்துக்கொண்டார். குடும்பம், பிள்ளை வளர்ப்பு பற்றிய மனப்பான்மைகளை அளக்க ஒரு சோதனை தயாரித்தார்கள். கண்டிப்பு ஒரு முனை, இளக்கம் மறுமுனை என்று ஒரு கோடு வரும் என்பது எதிர்பார்ப்பு. தரவில் வந்தது அது இல்லை. குடும்பத்தில் அதிகாரம், ஒழுங்கு, மரபான வேடங்கள் எல்லாம் சேர்ந்த ஒரு பெரிய கொத்து வந்தது. அதையும் கூர்ந்து பார்த்தால் அது ஒரு கோடாகவே நிற்கவில்லை. அதிகார மனப்பான்மை உள்ளவர்களுக்கு மறுபக்கத்தில் நெகிழ்வானவர்கள் மட்டும் இல்லை, தன் உள்மனதைப் பற்றிப் பேசவே வராத, எந்த ஒழுங்குக்கும் வராதவர்களும் இருந்தார்கள். அப்படியானால் ஒழுங்குக்குக் கட்டுப்படுவது ஒரு முனை கிடையாது, நடுவில் வரும் ஒரு கட்டம். ஈகோ வளர்ச்சி என்ற எண்ணம் இங்கேதான் பிறந்தது. சோதனை எதிர்பார்த்ததைத் தராதபோது அதை ஒதுக்கித் தள்ளியிருந்தால் கொள்கையே வந்திருக்காது.

இவ்வளவு கறாரான ஆள் ஏன் வாக்கியம் நிரப்பும் சோதனைக்குப் போனார்? அது புறத்தேற்று முறைன்னு சொல்லி ஒதுக்கிடுவாங்களே.

புறத்தேற்று முறை என்றால், தெளிவில்லாத ஒன்றைக் கொடுத்து, ஒருவர் அதை நிரப்பும் விதத்தில் அவர் மனதைப் படிக்கப் பார்ப்பது. இவருடைய சோதனையில் 36 வாக்கியத் தொடக்கங்கள் இருக்கும். 'விதிகள் என்பவை…', 'நானும் என் அம்மாவும்…' இந்த மாதிரி. எழுதுகிறவர் தன் விருப்பப்படி முடிக்க வேண்டும். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று கொடுத்தால் அந்த நான்கும் ஆராய்ச்சியாளருடைய சட்டகத்தில் இருந்து வந்தவை. அளக்க வேண்டியதே எழுதுகிறவருடைய சட்டகம் என்னும்போது அதை அவரே வெளியே வைக்க விட வேண்டும். மேலே சொன்ன கட்டமைப்புப் படி இதுதான்.

சுதந்திரமாக எழுதவிட்டாலும் மதிப்பெண் போடுவதில் சுதந்திரம் கொடுக்கவில்லை. ரூத் வெஸ்லர், கரோலின் ரெட்மோர் இருவரோடும் சேர்ந்து 1970இல் இரண்டு தொகுதிகளாக ஒரு கையேடு வெளியிட்டார். ஒவ்வொரு தொடக்கத்துக்கும் எந்த மாதிரிப் பதில் எந்த நிலை என்று உண்மையான பதில்களோடு காட்டியது. அதுவும் பெண்களின் பதில்களை வைத்துக் கட்டியது, ஆண்களுக்கான வடிவம் பிறகுதான் வந்தது. எனக்குத் தெரிந்து இப்படிப் பெண்களில் தொடங்கி ஆண்களுக்குப் போன பெரிய ஆளுமைக் கொள்கை வேறு இல்லை.

மதிப்பெண் போடுறவங்க மனசுக்குத் தோணினதைப் போட்டுட மாட்டாங்களா?

அதைத் தடுக்கத்தான் அத்தனை கட்டுப்பாடு. ஒருவருடைய 36 பதில்களையும் வரிசையாகப் படித்து மதிப்பிடக் கூடாது. எல்லாருடைய முதல் வாக்கியத்தையும் மொத்தமாக எடுத்து, யாருடையது என்று தெரியாமல் மதிப்பிட வேண்டும், பிறகு இரண்டாவது வாக்கியம், இப்படியே. முதல் பதில் பிரமாதமாக இருந்ததால் மற்றவையும் நன்றாகத் தெரிவது என்கிற பிரச்சினை இதனால் பெருமளவு போய்விடும். கையேட்டில் உள்ள பயிற்சிகளைச் செய்து முடிக்காமல் உட்காரவும் கூடாது. ஒழுங்காகப் பயின்றவர்களுக்கு இடையே மதிப்பீடு நன்றாகவே ஒத்துப்போகிறது.

36 மதிப்பீடுகளையும் கூட்டி சராசரி எடுத்தா முடிஞ்சதே?

கூட்டல் மதிப்பெண்ணும் ஆராய்ச்சிக்குப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் நிலையைத் தீர்மானிக்க அவர் வைத்த விதி வேறு. தவழ்தலை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தை வளர வளர தவழ்வது முதலில் கூடும், பிறகு நடை வந்ததும் மறைந்துவிடும். அதிகம் தவழ்கிற குழந்தைதான் அதிகம் வளர்ந்த குழந்தை என்று யாரும் சொல்ல மாட்டோம். ஊரோடு ஒத்துப்போவதும் அப்படித்தான், ஒரு கட்டம் வரை ஏறும், பிறகு இறங்கும். அதனால் கூடக் கூட நல்லது என்கிற கூட்டல் தர்க்கம் இங்கே பொருந்தாது.

எல்லாரும் பல நிலைகளில் பதில் எழுதுவார்கள், உயர்ந்த நிலையில் இருப்பவரும் சாதாரணமான பதில்கள் நிறைய எழுதுவார். எனவே பதில்கள் நிலைகளில் எப்படிப் பரவியிருக்கின்றன என்று ஒட்டுமொத்தமாகப் பார்த்து, இரண்டு ஓரங்களிலும் வரும் அரிய பதில்களுக்கு உரிய எடை கொடுத்து முடிவு செய்கிறார்கள்.

நல்லா எழுதத் தெரிஞ்சவங்களுக்கு மேல் நிலை வருது. அப்ப இது மொழித்திறன் சோதனைதானே?

நியாயமான சந்தேகம், பல ஆய்வாளர்கள் கேட்டதுதான். நீளமாக எழுதுகிறவர்களுக்கு நிலை கொஞ்சம் கூடத்தான் வருகிறது. ஒருபுறமும் மறுபுறமும் பார்க்கும் பதிலை இரண்டு வார்த்தையில் எழுத முடியாது என்பதால் அதில் ஒரு பகுதி தவிர்க்க முடியாதது. அறிவுத்திறனைப் பொறுத்தவரை, கோன், வெஸ்டன்பர்க் இருவரும் 2004இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஒட்டுறவு 0.20இலிருந்து 0.34 வரை. அறிவுத்திறனைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஈகோ நிலை மற்றவற்றோடு கொண்ட தொடர்பு பெரும்பாலும் நின்றது. தொடர்பு உண்டு, இரண்டும் ஒன்றல்ல என்பதே என் வாசிப்பு.

ஆண், பெண் வித்தியாசமும் கேட்பீர்கள். கோன் 1991இல் தொகுத்ததில் வளரிளம் பருவத்தில் பெண்கள் முன்னால் நிற்கிறார்கள், பெரியவர்களானதும் இடைவெளி சுருங்கிவிடுகிறது.

மேல் நிலைக்குப் போனா நிம்மதியா இருக்கலாமா?

இல்லை. ஒவ்வொரு நிலையிலும் நன்றாக வாழ்கிறவர்களும் உண்டு, தவிக்கிறவர்களும் உண்டு என்று அவரே திரும்பத் திரும்பச் சொன்னார். ஒத்துப்போகும் நிலையில் நிறைவாக வாழ்கிற ஒருவரையும் தன்னாட்சி நிலையில் உள்முரண்களோடு மல்லுக்கட்டுகிற ஒருவரையும் கற்பனை செய்வது கஷ்டமா என்ன? ஆலோசகர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது, வாடிக்கையாளரிடம் 'நீங்கள் கீழ் நிலையில் இருக்கிறீர்கள்' என்று சொல்லிவிடாதீர்கள்.

கோல்பர்க் ஆட்கள் இதை ஏத்துக்கலையாமே?

கோல்பர்க் (ஒழுக்கச் சிந்தனையின் வளர்ச்சி நிலைகளை ஆராய்ந்தவர்), ஸ்நேரி, நோம் மூவரும் 1983இல் எழுதியதில் முக்கியமான குற்றச்சாட்டு, பதிலின் உள்ளடக்கத்தையும் அதன் கீழே உள்ள சிந்தனை அமைப்பையும் லோவிஞ்சர் பிரிக்கவில்லை என்பது. பியாஜே (குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்தவர்) வழியில் வருகிறவர்களுக்கு அமைப்பு மட்டும்தான் நிலை. எதைச் சொல்கிறார் என்பது முக்கியமில்லை, எந்தத் தர்க்கத்தில் சொல்கிறார் என்பதுதான் முக்கியம்.

லோவிஞ்சர் தரப்பின் பதில்: அமைப்பை நேரடியாக யாரும் பார்க்க முடியாது, சொன்னதில் இருந்துதான் ஊகிக்க முடியும். சலிவன், கிராண்ட் தம்பதியர் என்ற ஆய்வாளர்கள் 1957இல் கொடுத்த நிலைகளை ஆரம்பப் புள்ளியாக வைத்து, பதில்களைத் திரட்டி, கையேட்டைத் திருத்தி, அதைக் கொண்டு கொள்கையைத் திருத்தி, மறுபடி பதில்களுக்குப் போய் வந்தவர் அவர். நிலைகள் கேள்வியில் சொன்ன 'தன்னை உணரும் நிலை' இப்படித்தான் கிடைத்தது. முன்கூட்டியே அமைப்பை முடிவு செய்திருந்தால் அது கண்ணில் பட்டிருக்காது. இந்த வாதத்தில் நான் லோவிஞ்சர் பக்கம். ஆனால் எல்லா நிலைகளுக்கும் ஒரே உள்தர்க்கம் இருக்கிறதா என்று கேட்டால் அவர் தெளிவான பதில் தரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எங்க கம்பெனியில தலைமைப் பண்பு பயிற்சின்னு இதே மாதிரி வாக்கியம் நிரப்பச் சொன்னாங்க. அதுவும் இவரோடதா?

வேர் இவருடையதாக இருக்கலாம். சுசான் குக்-குரோய்ட்டர் என்ற ஆய்வாளர் இந்தச் சோதனையை எடுத்து மேல் நிலைகளை விரிவாக்கினார், அங்கிருந்து அது நிர்வாகப் பயிற்சிக்குள் போனது. ஆராய்ச்சிக்காகச் செய்த கருவி அது. குழுக்களை ஒப்பிடும்போது தாங்கும் பிழை, ஒரு தனி மனிதரின் பதவி உயர்வைத் தீர்மானிக்கும்போது தாங்காது. மதிப்பிட்டவர் யார், எந்தக் கையேடு, எத்தனை பேர் தனித்தனியாக மதிப்பிட்டார்கள் என்று கேளுங்கள், உங்களுக்கு அந்த உரிமை உண்டு.

36 வாக்கியத்தையும் தமிழ்ல மொழிபெயர்த்து என் ஆய்வேட்டுக்குப் பயன்படுத்தலாமா?

முதலில் அனுமதி வாங்குங்கள். வாக்கியங்களை மொழிபெயர்ப்பது சில வார வேலை, அங்கே யாரும் திணறுவதில்லை. கஷ்டம் கையேட்டில் இருக்கிறது. அதில் உள்ள பதில் வகைகள் ஆங்கிலத்தில் எழுதிய அமெரிக்கர்களிடம் இருந்து வந்தவை. நம்மவர் 'நானும் என் அம்மாவும்…' என்பதை முடிக்கும்போது கடமை, கடன், பிரிக்க முடியாத பாசம் எல்லாம் ஒரே வரியில் வரும். அதை அமெரிக்கக் கையேட்டில் தேடினால் ஒத்துப்போகும் நிலை என்று போடத் தோன்றும். அது சரியாகவும் இருக்கலாம், அல்லது அந்த வரியில் வேறு ஒரு நுட்பம் இருந்து நாம் தவறவிட்டிருக்கவும் கூடும். எது என்பதை மொழிபெயர்ப்பின் தரம் சொல்லாது, திரட்டிய தமிழ்ப் பதில்கள்தான் சொல்லும்.

அதனால் முனைவர் பட்ட ஆய்வு என்றால் நான் சொல்வது: சோதனையைப் 'பயன்படுத்தி' வேறொன்றைக் கண்டுபிடிக்கிற திட்டத்தைத் தள்ளி வையுங்கள், சில தொடக்கங்களை மட்டும் எடுத்துக்கொண்டு வயது, படிப்பு, ஊர், சாதிப் பின்னணி எல்லாம் கலந்த பலரிடம் தமிழ்ப் பதில்கள் வாங்குங்கள், 1957 கட்டுரையின் முதல் படியில் இருந்து தொடங்குங்கள். இரண்டு பேரையாவது மதிப்பிடப் பயிற்றுவியுங்கள், ஒத்துப்போகாத பதில்களைத் தனியாகக் குறித்து வையுங்கள். மூன்றாண்டில் ஒரு முழு அளவுகோல் வராது, ஐந்தாறு தொடக்கங்களுக்கு ஒழுங்கான ஒரு தமிழ்க் கையேடு வரும். வைவாவில் (ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு) 'அளவுகோல் எங்கே' என்று கேட்டால் அந்தக் கையேட்டையும் ஒத்துப்போகாத பதில்களின் பட்டியலையும் எடுத்து மேசையில் வையுங்கள்.